ஒன்றியத்தின் அக்கா

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்குச் சென்னை ரயில் தென்காசியில் நின்றது.

ஆனந்தவள்ளி ஒரு கைப்பெட்டியோடு இறங்கினாள். சாரல் பிளாட்பாரத்துக் கூரைக்கு அடியிலும் அடித்தது. தம்பி சுந்தரபாண்டி ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் வெள்ளை வேட்டியில் நான்கு பேர் நின்று கும்பிட்டார்கள். யாரென்று தெரியாமலே அவளும் கும்பிட்டாள்.

"எதுக்குலே இத்தன பேரு?"

"உன்னப் பாக்கணும்னு வந்துருக்கானுவக்கா. நீ நட."

அவள் வந்தது அம்மாவின் முதல் வருடத் திதிக்கு. திதி வெள்ளிக்கிழமை. அதை அடுத்த திங்கட்கிழமை அவள் மும்பையில் இருந்தாக வேண்டும். வேறு எந்த வாரமாக இருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். திதி யாருடைய வசதிக்காகவும் தள்ளிப்போவதில்லை.

மும்பையில் மத்திய வங்கியின் வட்டிக் குழு கூடுகிறது. நாட்டிலுள்ள வங்கிகள் வாங்கும் வட்டியும் கொடுக்கும் வட்டியும் அந்தக் குழு சொல்லும் ஒரே ஓர் எண்ணைப் பார்த்துத்தான் ஏறும், இறங்கும். குழுவில் ஆறு பேர். மூவர் வங்கிக்குள்ளிருந்து வருகிறவர்கள். மூவரை அரசாங்கம் வெளியிலிருந்து நியமிக்கிறது. ஆனந்தவள்ளி அந்த வெளி மூவரில் ஒருத்தி. சென்னையில் பொருளாதாரப் பேராசிரியை. குழுவில் பதவிக்காலம் நான்கு வருடம். மறுநியமனம் கிடையாது. இடையில் நீக்குவதும் எளிதில்லை. யாரும் அவளுக்கு எதையும் தர முடியாது, அவளிடமிருந்து எதையும் பறிக்கவும் முடியாது. சட்டத்தை யோசித்துத்தான் எழுதியிருந்தார்கள். அந்த ஏற்பாட்டின் மேல் அவளுக்கு மரியாதை இருந்தது.

இன்னொரு விதியும் உண்டு. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பிருந்து, கூட்டம் முடிந்து ஏழு நாள் வரை குழுவில் இருப்பவர்கள் வட்டியைப் பற்றி எங்கேயும் வாய் திறக்கக் கூடாது. மௌன காலம் என்று அதற்குப் பெயர். அது இந்த வாரம் திங்கட்கிழமையே தொடங்கிவிட்டது.

எப்படி வாக்களிப்பது என்று அவள் முன்பே முடிவு செய்துவிட்டாள். வட்டியைக் கால் சதவீதம் குறைக்க வேண்டும். விலைவாசி அடங்கியிருந்தது. ஆலைகள் பாதி நேரம்தான் ஓடின. கடன் வாங்கித் தொழிலைப் பெருக்க யாரும் துணியவில்லை. வேலை கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதம் எண்களோடு உட்கார்ந்து அவளாக வந்து சேர்ந்த இடம் அது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கார் குற்றாலம் சாலையில் சொந்த ஊரான மேலகரத்தை நெருங்கியபோது, வளைவில் அதைப் பார்த்தாள்.

இரண்டாள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர். மேலே கட்சித் தலைவர்கள் வட்டவட்டமாக. கீழே ஓர் ஓரத்தில் சுந்தரபாண்டி கைகூப்பி நின்றான். நடுவில் அவள். மத்திய வங்கியின் இணையதளத்திலிருந்து எடுத்த படம். அதில் அவள் சாம்பல் நிறப் புடவை கட்டியிருப்பாள். பேனரில் புடவை கட்சிக்கொடியின் நிறத்துக்கு மாறியிருந்தது.

"வட்டியைக் குறைக்க வந்த வள்ளியே! ஒன்றியத்தின் அக்காவே! வருக! வருக!"

"நிறுத்து வண்டிய" என்றாள்.

ஒன்றியம் என்பது சுந்தரபாண்டி. கட்சியில் பதவியின் பெயரே ஆளின் பெயராகிவிடும். ஒன்றியச் செயலாளர் ஒன்றியம். மாவட்டச் செயலாளர் மாவட்டம். சுந்தரபாண்டி ஒன்றியமாகி மூன்று வருடமாகிறது. வீட்டுக்கு வெளியே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

"என்ன பாண்டி இது?"

"பயலுவ அன்புல வச்சுட்டானுவ."

"நான் வட்டியக் கொறைப்பேன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் தெரியும்லா?"

"என்ன தெரியும்?"

"போன மாசம் டெல்லியில அமைச்சர் பேசுனாருல்லா, வட்டி கொறஞ்சாத்தான் நாடு ஓடும்னு. டிவியில வந்துச்சே. உன்னப் போட்டது கவர்மெண்டு. கவர்மெண்டு எங்க கட்சி. பின்ன?"

அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் இல்லை. பெருமை மட்டும்தான் இருந்தது. அக்கா முதல் மார்க் வாங்கிய செய்தியைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடியவனின் முகம்.

"எடுக்கச் சொல்லு. இப்பவே எடுக்கணும்."

"எடுத்துரலாம்க்கா. நாளைக்கு மாவட்டம் வருதாரு. அவரு ஒரு பார்வ பாத்துட்டுப் போயிரட்டும். ராத்திரியே அவுத்துருவோம்."

அவள் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். எதிரே டீக்கடையில் நின்றவர்களில் இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். இப்போது அவள் போய்க் கம்பியை அவிழ்த்தால் அதுவும் ஒரு படம். ஆளுங்கட்சியின் பேனரைக் கிழித்த வட்டிக் குழு உறுப்பினர்.

காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"போகச் சொல்லு" என்றாள்.

வீட்டில் தம்பி மனைவி லோகநாயகி தோசைக்கல்லை இறக்கிவிட்டு வந்தாள். குற்றாலத்தில் அவர்களுக்கு ஒரு லாட்ஜ் இருந்தது. கல்லாவில் உட்காருவது லோகநாயகிதான். சுந்தரபாண்டிக்குக் கட்சி வேலையே சரியாக இருந்தது.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் மதினி. கேட்டாத்தான?"

"எதுக்கு வச்சான்னு உனக்குத் தெரியுமா?"

லோகநாயகி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து குரலைத் தணித்தாள்.

"இந்தத் தடவ சீட்டு இவுகளுக்குத்தான்னு மாவட்டம் வாக்குக் குடுத்துருக்காராம். சின்னப் பிள்ள மாதிரி குதிச்சுக்கிட்டு வந்து சொன்னாக. நானும் சந்தோசப்பட்டேன். எம்புட்டோ பேரு வரிசையில நிக்கும்போது இவுகளுக்கு ஏன் குடுக்காருன்னு அப்பக் கேக்கத் தோணல. பேனரப் பாத்த பொறவுதான் வெளங்குச்சு."

ஆனந்தவள்ளி தோசையைப் பிட்டாள். நான்கு வருடப் பதவி. மறுநியமனம் கிடையாது. யாரும் எதையும் தர முடியாது. சட்டம் எழுதியவர்கள் அவளைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தார்கள்.

சாயங்காலம் ஆவுடைநாயகம் அண்ணாச்சி வந்தார். இரண்டு வீடு தள்ளி இருப்பவர். கூட்டுறவு பண்டகசாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் கிடையாது. வேலை முடிந்து வந்த பணத்தை வங்கியில் போட்டுவிட்டு அதன் வட்டியில் காலம் தள்ளுகிறார். அவளுக்கு சைக்கிள் ஓட்டப் பழக்கியவர் அவர்தான்.

"வள்ளி, ஒண்ணு கேப்பேன். தப்பா எடுக்கப்பிடாது."

"வட்டியப் பத்தின்னா கேக்காதீங்க அண்ணாச்சி. நான் பேசப்பிடாது."

"நீ பேச வேண்டாம். நான் பேசுதேன். நீ கேட்டுக்கோ." நாற்காலியை அவளுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "எனக்கும் அவளுக்கும் மாத்திர வாங்குததே அந்த வட்டியிலதான். ரெண்டு வருசத்துக்கு முன்ன கொறச்சாங்க. காப்பியில சீனிய நிறுத்துனோம், டாக்டர் சொன்னதா வெளிய சொல்லிக்கிட்டோம். இப்ப இன்னுங் கொறச்சா காப்பியத்தான் நிறுத்தணும். உன் தம்பி எம்எல்ஏ ஆவட்டும். மந்திரிகூட ஆவட்டும். எங்க வயித்துல மிதிச்சுத்தான் ஏறணுமா?"

அவள் கையில் இருந்த தம்ளரைப் பார்த்தாள்.

"கொறைக்கப் போறியா?"

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"பாத்தியா. இல்லன்னு ஒரு வார்த்த வரல."

"அண்ணாச்சி, கொறைக்கதா இருந்தாலும் நான் சொல்லக் கூடாது. கொறைக்கலன்னாலும் சொல்லக் கூடாது. அதான் சட்டம்."

"கொறைக்கலன்னா சொல்லிருப்பே. நீ சின்னதுல இருந்தே அப்படித்தான். பரீட்சையில நெறைய வாங்கிருந்தா தெருமுக்குலயே கத்திட்டு வருவே. கம்மியா இருந்தா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவே." அவர் எழுந்தார். "சரி. எனக்கு வெளங்கிட்டு. காலையில மொத வேலயா பேங்குக்குப் போயி, இருக்கத அஞ்சு வருசத்துக்கு இந்த வட்டியிலயே போட்டுருதேன்."

போட வேண்டாம் என்றால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. போடுங்கள் என்றால் வேறோர் அர்த்தம். அவர் கால்களால் செருப்பைத் தேடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்து பேசினால்தான் தவறு என்று விதி சொல்லியது. வாயை மூடிக்கொண்டிருந்ததை இந்தத் தெரு எப்படிப் படிக்கும் என்று விதிக்குத் தெரியவில்லை.

மறுநாள் வங்கி திறந்தபோது அவரோடு ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்களாம். லோகநாயகிக்கு யாரோ போனில் சொன்னார்கள்.

அப்போது ஆனந்தவள்ளியும் தம்பி வீட்டாரும் திதிக்காகக் குற்றாலத்தில் இருந்தார்கள். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. போலீஸ்காரர்கள் விசில் ஊதிக் குளிக்க வந்தவர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குக் கீழே சிற்றாற்றின் கரையில் ஐயர் அவசர அவசரமாக மந்திரம் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று குடும்பங்கள் காத்திருந்தன. சுந்தரபாண்டி பிண்டத்தைக் கரைத்துவிட்டு ஈர வேட்டியோடு கரையேறினான். அழுதிருந்தான். அம்மா போனதில் அவளைவிட அவன்தான் உடைந்துபோயிருந்தான். அவன் தோளைத் தொட வேண்டும் போல இருந்தது. தொட்டாள்.

மாவட்டம் மேல்படியில் நின்றிருந்தார். காரியம் முடியட்டும் என்று அங்கேயே காத்திருந்திருக்கிறார். கூட வந்தவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தார். பழகத் தெரிந்த மனிதர்.

"அம்மா காரியம் நல்லபடியா முடிஞ்சுதா மேடம்?"

"முடிஞ்சுது."

"வட்டியப் பத்தி நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். உங்க சட்டதிட்டம் எனக்குத் தெரியும். ஏழு நாளு மௌனம். கேட்டு வெவரம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்துருக்கேன்."

"ரொம்ப நல்லது."

"நீங்க உங்க மனசாட்சிப்படி செய்யுங்க. எங்களுக்கு அது போதும்." சிரித்தார். "உங்க மனசாட்சி நாட்டுக்கு எது நல்லதோ அதத்தான சொல்லும்? நாங்களும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கோம்."

பக்கத்தில் நின்றவன் தட்டில் வைத்திருந்த சால்வையை நீட்டினான். மாவட்டம் அதைப் பிரித்தார். அவள் ஒரு படி பின்னால் போனாள்.

"திதி அன்னைக்கு வேண்டாம்."

"நியாயம். மன்னிச்சுக்கிடுங்க" என்று அவர் உடனே சொன்னார். சொல்லிக்கொண்டே திரும்பிச் சால்வையைச் சுந்தரபாண்டியின் ஈர உடம்பின் மேல் போர்த்தினார். அவன் விரலிலிருந்து தர்ப்பையைக்கூட இன்னும் கழற்றவில்லை. சால்வையோடு கும்பிட்டான். நான்கைந்து போன்கள் உயர்ந்தன. இருவருக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மதியம் லாட்ஜில் இருந்தபோது மும்பையிலிருந்து அழைப்பு வந்தது. குழுவின் செயலாளர். எப்போதும் ஆங்கிலத்தில், தாழ்ந்த குரலில் பேசுகிறவர்.

"பேராசிரியர், புகைப்படங்கள் வந்திருக்கின்றன."

"இரண்டு" என்றாள். "ஒன்று பேனர். ஒன்று இன்று காலை எடுத்தது."

"மூன்று. ஒரு காரிலிருந்து நீங்கள் ஒரு காலை மட்டும் வெளியே வைத்திருக்கிறீர்கள். பேனரை இறங்கி ரசித்ததாகச் சொல்கிறார்கள்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"தொலைக்காட்சியில் வந்துவிட்டது. வட்டி எங்கே முடிவாகிறது, கட்சி ஆபீஸிலா என்று எதிர்க்கட்சி அறிக்கை விட்டிருக்கிறது."

"நான் இந்தக் கூட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறேன்."

"குழுத் தலைவர் அதை விரும்பவில்லை. விலகினால் அவர்கள் சொல்வது உண்மை என்று ஆகிவிடும். அவருக்கு உங்கள் மேல் முழு நம்பிக்கை இருக்கிறது. நீங்கள் நினைத்தபடியே வாக்களிக்க வேண்டும் என்கிறார்."

"சரி."

செயலாளர் போனை வைக்கவில்லை.

"இந்த நிலைமையில் நீங்கள் குறைக்கச் சொன்னால் வங்கியின் பெயர் என்ன ஆகும் என்பதையும் யோசிப்பீர்கள் என்று அவர் நம்புகிறார்."

"வேண்டாம் என்று வாக்களித்தால்?"

"அப்போது யாரும் எதுவும் பேச முடியாது. வங்கி சுதந்திரமாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்."

"அது நான் நினைத்தபடி வாக்களிப்பதா?"

"நீங்கள் என்ன நினைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, பேராசிரியர். நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை."

போன் அணைந்தது. காலையிலிருந்து அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சுந்தரபாண்டி மாடியில் இருந்தான். லாட்ஜின் மூன்றாவது மாடி பாதியில் நின்றது. தூண்களிலிருந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. வட்டி குறைந்ததும் கடன் போட்டு, அடுத்த சீசனுக்குள் முடித்துவிடுவதாகத் திட்டம். அவன் குடையைப் பிடித்தபடி கொத்தனாரிடம் ஏதோ காட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கொத்தனார் கீழே இறங்கிப் போனார்.

"உங்க ஆபீஸ்ல திட்டுனாவளாக்கா?"

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா பாண்டி?"

"நான் உன்கிட்ட என்ன கேட்டேன்? கொறன்னு சொன்னனா? ஒரு வார்த்த பேசுனனா? மாவட்டம்கூடப் பேசல."

"பேசல."

"பின்ன என்ன?"

"நீ கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லிருப்பேன். அதோட போயிருக்கும். நீ என்னைய விட்டுட்டு ஊரப் பாத்துச் சொல்லிட்டே. இனிமே நான் எதச் சொன்னாலும் அது உனக்குச் சொல்லுத பதிலாத்தான் இருக்கும்."

அவனுக்கு அது விளங்கவில்லை. குடையை அவள் தலைக்கு மேல் நகர்த்திப் பிடித்தான். அவன் நனைந்தான்.

"நான் யாருக்கும் ஆளு இல்ல பாண்டி. அதுக்காகத்தான் வெளிய இருந்து எங்களப் போட்டிருக்காங்க. யாரு ஆளும் இல்லாம மூணு பேரு வேணும்னு."

"அதெப்படிக்கா? பஞ்சாயத்துல உக்காருத பெருசுல இருந்து கோர்ட்டு ஜட்ஜு வரைக்கும் எல்லாவனும் யாருக்காவது ஆளுதான். இல்லன்னு சொல்லுதவன் கூடக்கொஞ்சம் வெவரமான ஆளு. நீ இந்த ஊருக்காரி. எனக்கு அக்கா. யாருக்கும் ஆளு இல்லாம ஒருத்தி எங்கன போயி இருப்பா?"

கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கீழே சாலையில் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தருவிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. மங்குஸ்தான் விற்கிறவர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள்.

"பேனர எடுத்தாச்சா?" என்றாள்.

"எடுத்தாச்சு. உனக்காகப் பகல்லயே எடுத்துட்டேன். போதுமா?"

போதும் என்று தலையசைத்தாள். அந்தப் படம் எத்தனை போன்களில் இருக்கிறது என்று அவனிடம் கேட்டுப் பயனில்லை.

சனிக்கிழமை முழுவதும், பிறகு தூத்துக்குடியிலிருந்து விமானத்திலும், தன் காரணங்களை மறுபடி வரிசையாக நினைத்துப் பார்த்தாள். எண்கள் அப்படியேதான் இருந்தன. விலைவாசி அடங்கித்தான் இருந்தது. ஆலைகள் பாதி நேரம்தான் ஓடின. ஆனால் ஒவ்வொரு காரணத்தையும் இப்போது மாவட்டத்தின் குரல் சொல்லியது. வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் உண்டா என்று தேடினாள். இருந்தன. பெட்ரோல் ஏறலாம். மழை பொய்க்கலாம். இரண்டு மாதம் பொறுப்பதால் உலகம் முடிந்துவிடாது. மோசமான காரணங்கள் என்று சொல்ல முடியாது. அவற்றைச் செயலாளரின் குரல் சொல்லியது. தன் குரலில் ஒன்றாவது கேட்கிறதா என்று பார்த்தாள். மும்பை வந்துவிட்டது.

இரண்டு நாள் பேச்சு. புதன்கிழமை காலை ஓட்டு. தலைவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். அவளுக்கு முன்னால் மூன்று பேர் குறைக்கச் சொன்னார்கள். ஒருவர் வேண்டாம் என்றார். அவள் முறை வந்தது.

வேண்டாம் என்றாள்.

கடைசியாகத் தலைவரும் வேண்டாம் என்றார். மூன்றுக்கு மூன்று. சமமானால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. வட்டி குறையவில்லை. அவள் வேறு சொல் சொல்லியிருந்தால் குறைந்திருக்கும்.

யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது அன்றே வெளியானது. அரசுக்கு வளையாத மத்திய வங்கி என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. ஒரு தலையங்கத்தில் அவள் பெயர் இருந்தது. நடைவழியில் தலைவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். துணிச்சலான முடிவு என்றார். அவள் நன்றி சொன்னாள். அவள் பார்த்திராத ஊர்களில் ஆலைகள் பாதி நேரம் ஓடிக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை லோகநாயகி போன் செய்தாள்.

"மதினி, ஒரு நட வந்துட்டுப் போங்க. ரெண்டு நாளா வாயே தொறக்க மாட்டங்காக."

"என்ன ஆச்சு?"

"பொறுப்புல இருந்து எடுத்துட்டாங்க. பேப்பர்ல ஒரு மூலையில போட்டிருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஸ்டேஷனில் யாரும் நிற்கவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. ஆவுடைநாயகம் அண்ணாச்சி அவளைப் பார்த்துவிட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"தாயி! கவர்மெண்டையே எதுத்து நின்னுட்டியேம்மா! கூடப்பொறந்தவன் சீட்டுன்னுகூடப் பாக்கலியே! நான் உன்னிய என்னமோ நெனச்சேன். இந்தத் தெருப் பிள்ள நீ, மாறுவியா?" அவள் தலையில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்படியில்ல அண்ணாச்சி."

"பின்ன எப்படி?"

மௌன காலம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. முடிந்தாலும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. லாட்ஜுக்குப் போவதாகச் சொல்லி அதே ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

சுந்தரபாண்டி லாட்ஜின் முன்னறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வெள்ளை வேட்டி இல்லை. கைலி கட்டியிருந்தான். சீசன் உச்சத்தில் இருந்தது. அறை கேட்டு வந்த ஒருவர், "பாண்டி அண்ணாச்சி, டபுள் ரூம் ஒண்ணு கெடைக்குமா?" என்றார். ஒரு வாரத்துக்கு முன் அவரும் ஒன்றியம் என்றுதான் கூப்பிட்டிருப்பார். சுந்தரபாண்டி அறையில்லை என்று கையைக் காட்டினான். பிறகுதான் அக்காவைப் பார்த்தான். எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஈரமாக இருந்ததைத் துண்டால் துடைத்தான்.

"சாப்ட்டியாக்கா?"

"இனிமேதான்."

"லோகாட்ட சொல்லுதேன்."

உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். கோபமாகப் போகவில்லை. வேறு போக இடம் இல்லாதவன் போலச் சாலையோரமாக மெதுவாக நடந்தான். திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

லோகநாயகி பின்கட்டில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். சாரல் நாட்களில் லாட்ஜ் துணி காயாது. மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டி உலர்த்தியிருந்தாள். ஆனந்தவள்ளி ஒரு விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் இழுத்து உதறினார்கள். இரண்டாக மடித்தார்கள். நடந்து கிட்டே வந்து முனைகளைச் சேர்த்தார்கள். அடுத்ததை எடுத்தார்கள். துணியில் இன்னும் ஈரம் இருந்தது.

"மேல வேலய நிறுத்தியாச்சு" என்றாள் லோகநாயகி. "கொத்தனாரக் கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன். கொறயும் கொறயும்னு இவுக சொன்னதுல ஏழு பேருக்கு நாலு மாச வேலன்னு சொல்லி வச்சிருந்தோம். அதுல ரெண்டு பேரு கேரளாவுக்குப் போயிட்டாங்க."

ஆனந்தவள்ளி விரிப்பின் முனையை நேராக்கினாள்.

"என் மேல வருத்தமா லோகா?"

"உங்க மேல எனக்கென்ன வருத்தம்? இவுக செஞ்சது தப்பு. அன்னைக்கே சொன்னேன். நீங்க படிச்சவுக. யாருக்கும் பயப்படாம மனசுக்குச் சரின்னு பட்டதச் செஞ்சிருப்பீங்க." விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "டிவியிலயும் அப்படித்தான் சொன்னாங்க."

வெளியே அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. லோகநாயகி அடுத்த விரிப்பை எடுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா மதினி? யாருட்டயும் சொல்ல மாட்டேன். இவுகட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கே தெரிஞ்சுக்கிடணும்னு இருக்கு."

"கேளு."

"இவுக உங்க தம்பியா இல்லாம, வேற யாரோ ஒருத்தரா இருந்திருந்தா, நீங்க எதுக்கு ஓட்டுப் போட்டிருப்பீங்க?"